மிதியுங்கோ அண்ணை

எனக்குப் பயமில்லாத ஒன்று உலகத்தில் இருந்ததென்றால் அது பேய்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பயம். விசாக் கடிதம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம், காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி ஓடி வந்திருக்கிறேன். ஆனால் செத்தவர்கள் வருவார்கள் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன். யுத்தத்தில் அத்தனை பேரைப் பார்த்தவன் நான், அதில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை முதலில் சொல்லாவிட்டால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தானே, எதையோ நம்பிவிட்டான் என்று நினைப்பீர்கள். இப்போதும் நினைத்தால் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தவம் அண்ணையும் நானும் ஒரே படகில் வந்தவர்கள். மெல்பேர்ணில், டண்டினோங் பக்கம் ஒரு சின்ன வீட்டில் ஆறு வருடம் இரண்டு பேருமாக இருந்தோம். அவருடைய மனைவி மதி அக்கா வவுனியாவில். அண்ணையிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது, தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கார், அதற்கு வைத்தியர் நான்தான். கிளிநொச்சியில் லொறி திருத்துகிற ஒரு கராச்சில் மூன்று வருடம் வேலைக்கு நின்றிருக்கிறேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உள்ளே இருப்பார், நான் வெளியே எஞ்சின் மூடியான பொனெற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து நிற்பேன். பொனெற் தூக்கினால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல்தான். "மிதியுங்கோ அண்ணை" என்பேன், அவர் அக்சிலேற்றரை மிதிப்பார், எஞ்சின் உறுமி ஏறும், நான் பார்ப்பேன்.

போன குளிர்காலம் கார் இழுவையை விட்டுவிட்டது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வேகம் கூடாது, இருமுகிற ஆள் மாதிரி உதறும். ஒரு சனிக்கிழமை காலை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், பின்னால் வெள்ளைப் புகை. எண்ணெய் மூடியைக் கழற்றினேன், உள்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. எங்கள் கராச்சில் இந்த இரண்டையும் சேர்த்துக் கண்டால் வேறு பேச்சே இல்லை, எஞ்சினுக்குள் இருக்கிற தகடு வெடித்து எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சின் முடிந்தது.

"இனி இதைத் தொடாதேங்கோ அண்ணை. நடுரோட்டில இறுகி நிண்டுடும், பின்னால ட்ரக் வந்து அடிச்சா ஆள் மிஞ்சாது."

அண்ணை சிரித்தார். "உன்னட்டத் தலையிடி எண்டு சொன்னா, நீ சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற ஆளடா."

"பகிடி இல்லை அண்ணை."

"செவ்வாய்க்கிழமை நெஞ்சு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கினம். அண்டைக்கு மட்டும் கொண்டுபோயிட்டு வாறன்."

"வேண்டாம். பஸ்ஸில போங்கோ."

திங்கட்கிழமையும் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இரவெல்லாம் நித்திரை இல்லை, இந்த மனுசன் சொல் கேட்காது, காலையில் எடுத்துக்கொண்டு போய் எங்காவது நெருப்புப் பிடித்துச் சாகப்போகுது என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. நான் விடிய முன்னமே கோழி ஃபாக்டரி வேலைக்குப் போகிறவன். போகும்போது கதவடியில் கொழுவியிருந்த கார்ச் சாவியை எடுத்து என் ஜக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அண்ணை நடந்துதான் போயிருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு ஏற்றம். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கப் போட்டிருந்த வாங்கில் இருந்தபடியே சரிந்துவிட்டாராம், பஸ்காரர்தான் அம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறார். என் போன் லொக்கருக்குள். மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

மதி அக்கா போனில் அழுது ஓய்ந்த பிறகு ஒரேயொரு கேள்விதான் கேட்டா. "கார் நிக்குதெல்லோ தம்பி, ஏன் அந்த மனுசன் நடந்தது?"

"எஞ்சின் பழுதாப் போட்டுது அக்கா. அதில போயிருக்கேலாது."

சாவியைப் பற்றி நான் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கேரம் டவுன்ஸ் கோயிலில் அவர் பெயருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி இருக்கும், காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று வெளியே போனேன். கொடுக்க முதல் அந்தப் பழுதை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், பழுது பெரியதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பொனெற்றைத் தூக்கினேன். அது பெரியதென்றால் நான் சொன்னது சரி, நான் சாவியை எடுத்ததும் சரி.

ஸ்டார்ட் பண்ணினேன், கதவைச் சாத்தினேன், முன்னால் வந்து குனிந்தேன். மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது கொஞ்சம் உதறியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒரு கையில் ரோச் லைட், மற்றக் கையால் பிளக் வயர்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிற மெஷின் சத்தம், என் கவனம் முழுக்க எஞ்சினில். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"மிதியுங்கோ அண்ணை."

எஞ்சின் ஏறியது.

நம்பினால் நம்புங்கள், அந்த நேரம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆறு வருடப் பழக்கம், சொன்னால் ஏறும், ஏறியது. எஞ்சின் ஏறும்போது ஒரு பக்கம் சரியும் அல்லவா, அப்படிச் சரிந்தபோது காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர்க் குழாயின் மடிப்பில் ஒரு வெடிப்பு வாய் திறந்த மாதிரி விரிந்து உஸ் என்று காற்றை இழுத்தது. சும்மா ஓடும்போது அந்த மடிப்பு மூடிக்கொள்ளும், மிதித்தால்தான் திறக்கும். தனியாளாக நின்று பார்த்தால் லேசில் அகப்படாது. அவ்வளவுதான் பழுது. வேண்டாத காற்றுப் போய் இழுவை குறைந்திருக்கிறது. எனக்குச் சந்தோசம்.

"பிடிச்சிட்டன் அண்ணை, ஒரு சின்னக் குழாய். போதும், விடுங்கோ."

என் குரல் எனக்கே கேட்டது அப்போதுதான்.

எஞ்சின் இறங்கவில்லை. பழைய காரில் அக்சிலேற்றரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் வரும், மிதித்தால் அது இறுகி எஞ்சினுக்குக் காற்றுவழியைத் திறக்கும். என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் கேபிள் வீணைக் கம்பி மாதிரி இறுகி நின்றது. உள்ளே யாரோ இழுத்துப் பிடித்தால்தான் அப்படி நிற்கும். பொனெற்றைச் சுற்றிப் போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

"போதும் அண்ணை" என்றேன். இறங்கவில்லை. மூன்றாம் தரம் சொன்னேன், சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. எஞ்சின் கத்திக்கொண்டே நின்றது, அந்த வெடிப்பு என்னைப் பார்த்து விரிந்தபடியே இருந்தது. நான் வெடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். உதறல் நின்று எஞ்சின் ஒரே சீராக, புதுக் கார் மாதிரி ஓடியது.

"கொண்டு போயிருக்கலாம் அண்ணை. காரில ஒண்டுமில்லை. சாவியை நான்தான் எடுத்துக்கொண்டு போனனான்."

கேபிள் தளர்ந்தது. டக்கென்று விடவில்லை, மெல்ல மெல்லத் தளர்ந்தது.

எவ்வளவு நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேனோ தெரியாது. உள்ளே ஒருவரும் இல்லை. கண்ணாடிகள் மூடியபடி, கதவுகள் சாத்தியபடி.

குழாய்க்குக் கறுப்பு டேப் சுற்றினேன், கார் ஏற்றத்தில் துள்ளிக்கொண்டு ஏறியது. பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். எஞ்சினுக்குள் ஒரு தகடும் வெடிக்கவில்லை. இந்தக் குளிரில் கிட்டத் தூரம் மட்டுமே ஓடுகிற எல்லாக் காரிலும் அந்தப் புகையும் வரும் அந்த நுரையும் வரும், இதற்குப் போய்ப் பயந்தீர்களா என்று சிரித்தார். கிளிநொச்சி வெயிலில் படித்த படிப்பை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கேபிளையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். துரு இல்லை, எங்கும் சிக்கவில்லை. இன்னொருவரிடமும் காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார்.

அந்த இரண்டாம் ஆளிடம் காட்டிய அன்றிரவு மதி அக்காவுக்குப் போன் அடித்துக் குழாயையும் சொன்னேன், சாவியையும் சொன்னேன்.

"இப்ப அந்தக் கார் ஓடுதோ?"

"ஓம் அக்கா."

"நல்லா ஓடுதோ?"

"ஓம்."

பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரியும் தன்னைத் தேற்றுகிற மாதிரியும் ஒரு குரலில், "அவர் உங்களில கோவத்தோட போயிருக்கமாட்டார் தம்பி. அப்பிடியான ஆளில்லை, என்ன?" என்றா.

"இல்லை அக்கா, அண்ணை அப்பிடியான ஆளில்லை" என்றேன்.

மூன்று தரம் போதும் என்று சொல்லியும் கேபிள் தளராமல் நின்றதை அக்காவுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.