நால்வரும் சொன்ன நாய்

என் அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்து அமைச்சர் ஆனவர். ஆசிரியர் சங்கத்துக்காக மேடையேறியவரைக் கட்சி பிடித்துக்கொண்டது. இரண்டு முறை சட்டமன்றம், பிறகு கல்வித் துறை. பதவி மாறியதே தவிர புத்தி மாறவில்லை. பரீட்சை அறையில் நடப்பதுபோலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்சி அலுவலகத்திலும் நடப்பார். யார் எதைச் சொன்னாலும், பக்கத்து ஆளைப் பார்த்து எழுதினானோ என்றுதான் முதலில் யோசிப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வயதில்தான் தங்கை, சந்தேகத்தில் அவருக்கு அக்கா.

அடுத்த தேர்தலில் நிற்பதில்லை, தொகுதியை டிராயிங் மாஸ்டருக்கு விட்டுத்தருவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இருவரும் ஒரே பள்ளியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் தேர்தலில் ஊர்ச் சுவரெல்லாம் அண்ணன் பெயரை எழுதியது மாஸ்டர் கைதான்.

தொகுதி தனக்குத்தான் என்று காத்திருந்த அண்ணியின் தம்பிக்கு இது தொண்டையில் சிக்கிய முள். அண்ணனுக்கு உதவியாளன் என்று சொல்லிக்கொண்டு எங்கள் முன்னறையிலேயே கிடப்பான். நான் அவனுக்கு வைத்த பெயர் சென்ட். ஆளுக்கு முன்னால் வாசனை வரும், ஆள் வந்தபின் வேறென்னவோ நாறும்.

வேட்பாளரை முடிவுசெய்ய வேண்டிய வாரத்தில் வட்டச் செயலாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். முந்தின நாள் இருட்டும் நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் மாஸ்டர் வீட்டுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. மாஸ்டரை நான் மட்டும் முழுசாக நம்பினேனா என்ன? அரசியலில் யார் மனசில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது!

அண்ணன் ஒருவரை முன்னறையிலும், ஒருவரைச் சமையலறைப் பக்கமும், ஒருவரை மாடியிலும் உட்காரவைத்தார். என்ன பார்த்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மூன்று இடத்திலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நாய் குரைத்தது, மாஸ்டர் அதைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார் என்று மூன்று பேரும் அச்சுப் பிசகாமல் சொன்னார்கள்.

அந்த நாய் போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. மாஸ்டரோடு நின்று குழி தோண்டியவரே அண்ணன்தான்.

“சரியான விடை பத்துப் பேருக்கு ஒத்துப்போகலாம்மா. தப்பு ஒத்துப்போச்சுன்னா அது காப்பி,” என்றார் என்னிடம். பிறகு சென்ட்டைக் கூப்பிட்டார். அவன் மாஸ்டரோடு சண்டை போட்டு அந்த வீட்டு வாசலை மிதித்தே வெகுகாலம் ஆகிறது.

“மாஸ்டர் வீட்டு நாய் இன்னும் குரைக்குதாடா?”

“குரைக்காம என்ன மாமா? தெருவுல ஒருத்தரும் தூங்க முடியல.”

அண்ணன் கத்தவில்லை. அலுவலகச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அண்ணி என்னைத்தான் முறைத்தார். முறைக்கட்டும், எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணன் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூன்று பேரைப் பிரித்து உட்காரவைத்ததை, நாய் காட்டிக்கொடுத்ததை எல்லாம் அண்ணன் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மாஸ்டர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“அந்த நாய் உயிரோட இருந்திருந்தா, என்னை என்ன பண்ணியிருப்பே?” என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாஸ்டர் தேர்தலில் நிற்க மறுத்துவிட்டார். அண்ணனே மறுபடி நின்று ஜெயித்தார். சுவரில் பெயர் எழுத வேறு ஆளை வைத்தார்கள்.