செல்வி அக்காவிடம் கொடுத்து வைத்த சைக்கிள் சீட்

மழையில் நனைந்த சைக்கிள் சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? சுடிதாரின் ஒரு பக்கம் முழுக்க ஈரம் ஏறி, விலாவில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். ஊறிப்போன பஞ்சின் வாசனை மதியம் வரை போகாது...

பதினான்கு வருடம் இருக்கும். புனே ஹிஞ்சேவாடியில் எனக்கு முதல் வேலை. திண்டுக்கல்லிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனி கேப் டிராஃபிக்கில் நிற்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று, ஆன்சைட் வேலைக்கு வெளிநாடு கிளம்பிய ஒரு சீனியரிடம் பழைய கியர் சைக்கிளை வாங்கினேன்.

அதில் ஒரே தொல்லை, சீட். கீழே ஒரு லீவர் இருக்கும். அதைத் திருப்பினால் சீட் கம்பியோடு கையில் வந்துவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதி. திருடுகிறவனுக்கும் வசதி.

பத்தாவது நாள் சாயங்காலம் பார்க்கிங்குக்கு வந்தால், சைக்கிள் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. சீட் இல்லை.

"கட்டையில போறவனே, நீயெல்லாம் நல்லா இருப்பியாடா!" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டேன். இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான்.

"தமிளா நீ?" பின்னால் ஒரு குரல்.

பார்க்கிங் கேபினில் இருக்கும் பெண் செக்யூரிட்டி. அத்தனை நாளும் அவரிடம் அரைகுறை இந்தியில் ஏதோ சொல்லித் தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பெயர் செல்வி. தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான்.

"அரே தேவா... சீட்டு பூட்ச்சா? அயுவாத. புச்சு வாங்கினா டெய்லி கயட்டி என்கிட்ட குடு. கேபின்ல வெச்சிக்கறேன். எவன் வந்து எடுக்கறான்னு பாத்துடலாம்."

அன்று வழி முழுக்க நின்றபடியே மிதித்து பி.ஜி.க்கு வந்தேன். கால் கடுத்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

இதை இப்போது சொன்னால் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ரூம்மேட்கள் இருவரும் இந்தியில் பேசிச் சிரிப்பார்கள். டீமிலும் அப்படித்தான். ஜோக் புரிந்து நான் சிரிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். பிறகு புரியாமலே சிரிக்கப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில், "நல்லா இருக்கேம்மா" என்பேன். ஒரு வாரத்தின் தமிழ் அவ்வளவுதான்.

புது சீட் வந்த பிறகு காலையில் இரண்டு நிமிடம், சாயங்காலம் இரண்டு நிமிடம். சீட்டைக் கொடுக்கும்போது, "சாப்ட்டியா?" என்பார். வாங்கும்போது, "மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்பார். அம்மா, அப்பா, தம்பி படிப்பு, பி.ஜி. சாப்பாடு... எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். சீட்டை வாங்கப் போனவள் அப்படியே நின்றேன்.

"ஊருக்கே போயிரலாம்னு இருக்குக்கா."

"போ. யாரு உன்ன புட்ச்சி வெச்சிகீறா?" என்று டப்பாவைத் திறந்தார். உள்ளே போஹா, அவல் உப்புமா. "இத துன்ட்டு போ."

தின்றேன். ஊருக்குப் போகவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, சாயங்காலம் அக்கா சைக்கிளைக் காட்டிச் சிரித்தார். நான் மேலே வேலையில் இருந்தபோது, பழைய சைக்கிள் செயின் ஒன்றை டியூப் துண்டுக்குள் நுழைத்து, சீட்டையும் ஃபிரேமையும் சேர்த்துச் சுற்றி இறுக்கி மாட்டியிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு சைக்கிள் கடையில வேல செய்றாரு. அவுருதான் சொல்லிக் குட்த்தாரு. இனிமே எவனாலயும் கயட்ட முடியாது. உனக்கும் டெய்லி அந்தத் தொல்ல இல்ல. பிந்தாஸா, கவலையில்லாம போ!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலையில்தான் உறைத்தது... கேபின் பக்கம் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டில் வண்டிகள் வரிசை. அவர் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் ஹேண்டில்பாரிலிருந்த லைட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"அக்கா, இதையும் எடுத்துருவாங்க. வச்சுக்கிறீங்களா?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்விட்சை அழுத்தினார். எரியவில்லை.

"இதுல பேட்ரியே இல்லியேடீ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டிராயரை இழுத்து அதைப் பத்திரமாக உள்ளே வைத்தார்.

"செரி. சாப்ட்டியா?"

தீபாவளி லீவு முடிந்து, அம்மா கொடுத்த முறுக்கில் ஒரு பொட்டலம் அவருக்கென்று தனியாகக் கட்டி எடுத்து வந்தேன். கேபினில் வேறொரு ஆள் இருந்தார். ஏஜென்சி செல்வி அக்காவை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டதாம். எந்த சைட், தெரியாது. நம்பர், தெரியாது. தினமும் பார்க்கிறவரிடம் நம்பர் எதற்கு என்று நானும் வாங்கி வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்துக் கட்கிக்குப் போனேன். சைக்கிள் கடை ஒன்றில் விசாரித்தேன். செல்வி என்று ஒரு அக்கா, செக்யூரிட்டி வேலை, வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் வேலை செய்கிறார்...

"அவர் பேர் என்ன?" என்று கேட்டார் கடைக்காரர்.

தெரியவில்லை. பிள்ளைகள் உண்டா, எத்தனை பேர், எந்தத் தெரு... எதுவுமே தெரியவில்லை. என் தம்பியின் மார்க் வரைக்கும் அவருக்குத் தெரியும். நான் அவரிடம் ஒன்றுகூடக் கேட்டதில்லை. இன்னும் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த முறுக்கை நானே தின்றேன்.

இப்போது அதே புனேயில், வாக்கடில் சொந்த ஃபிளாட், கார், பேஸ்மென்ட் முழுக்கக் கேமரா. மகளின் சைக்கிள் மாதக்கணக்கில் பூட்டாமல் நிற்கிறது, யாரும் தொடுவதில்லை. கேட்டில் செக்யூரிட்டி ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் கார் கண்ணாடியை இறக்கி, பெயர், ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டுவிடுகிறேன்.

"மம்மி, நீ ஏன் எல்லாரையும் இன்டர்வியூ பண்ற?" என்கிறாள் மகள்.

ரொம்பப் பேர் நின்று பதில் சொல்கிறார்கள். பிஹார், லாத்தூர், நேபாளம்... இதுவரை எல்லாம் இந்தியில்தான்.