பின்பக்கம் பதிந்த வான்

என்னைத் தூக்குவதில் எங்கள் சொந்தக்காரர்களுக்குள் எப்போதும் போட்டிதான். விபத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, எந்த வீட்டுப் படலையடியில் நான் வந்த வாகனம் நின்றாலும் நாலு ஆண்கள் ஓடி வருவார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார். கவனம், கவனம் என்று எல்லோருமாகச் சத்தம் போடுவார்கள். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கல்யாணத்தில் அப்படித் தூக்கும்போது என் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. இனி ஒரு விசேஷத்துக்கும் போகமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பிறகு என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வட்டுக்கோட்டையிலிருந்து உரும்பிராய்க்கு வந்து தங்கை நேரில் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். அழுதாள். அவள் அழ அழ எனக்குக் கோபம்தான் ஏறியது. நானாக ஏறி நானாக இறங்குகிற வாகனம் ஒன்று இருந்தால் வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

அவருடையது ஆட்களையும் சாமான்களையும் வாடகைக்கு ஏற்றி ஹயர் ஓடுகிற பழைய வான். பின்கதவைத் திறந்து சாய்பலகை வைத்தால் அது ஏணி மாதிரி நிற்கும். பாதிக்கு மேல் என் கைகளால் சக்கரத்தை உருட்ட முடியாது. அடுத்த நாள் காலை பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தவர் கடைசியில் வாயைத் திறந்தார்.

“பலகையை நீட்டினால் உள்ளுக்கை வைக்க இடமில்லை. வானைத்தான் கீழை பதிக்கோணும்.”

வானின் பின்பக்கத்தைத் தாங்குவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றினால் வான் பதியும் என்று கணக்குப் போட்டார். பதிந்தது. நான் பலகையில் ஏறி உள்ளே சக்கரத்தை வைத்ததும் வான் இன்னும் பதிந்து பந்து மாதிரித் துள்ளியது. நாற்காலி பின்னுக்குச் சரிய, அவர் பாய்ந்து பிடித்தார். நான் பயத்தில் கண்டபடி ஏசினேன். வேறொருவராக இருந்தால் சாவியை வீசிவிட்டுப் போயிருப்பார். இவர் எனக்குத் தண்ணீர் தந்துவிட்டுத் திரும்பவும் வானுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கழற்றிய பட்டைகளை மறுபடி பூட்டினார். கோப்பாயில் ஒரு பட்டறையில் இரண்டு இரும்புக் கட்டைகள் கடைவித்து வந்து, சக்கர அச்சுக்கும் அதன் கீழே கிடந்த ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகினார். நீளமான போல்ட் போட்டு இறுக்கினார். இப்போது ஸ்பிரிங்கின் வலு குறையவில்லை, கட்டையின் உயரத்துக்கு அது கீழே தள்ளுப்பட, வானும் கீழே வந்தது. பின்பக்கம் குந்தியதில் முன்விளக்குகள் ஆகாயத்தைப் பார்த்தன. அவற்றையும் குனிய வைத்தார். இனி வெங்காய மூட்டை ஏற்றினால் அச்சு அடிச்சட்டத்தில் முட்டும் என்று தெரிந்ததும், அந்த ஹயர்களையே விட்டுவிட்டார்.

சந்தியில் அவருடைய கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை. வயது போன நேரத்தில் பொடியன்மாதிரி வானைப் பதிச்சு ஸ்ரைல் காட்டுகிறார் என்று பகிடி பண்ணினார்களாம். ஓம், ஒரு ஆசைதான் என்று சிரித்துவிட்டு வந்தாராம். என் பெயரை அவர் அந்தக் கதைக்குள் இழுக்கவே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. அதை அவரிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும்.

கல்யாணத்தன்று காலை சேலை உடுத்துப் பலகையில் ஏறினேன். சக்கரம் இலேசாகத்தான் உருண்டது. ஆனால் நாற்காலியின் கைபிடியில் அவருடைய கை இருந்தது.

“கையை எடுங்கோ.”

“நீர் பின்னுக்குச் சரிஞ்சால்?”

எடுக்கவில்லை. ஏறியது நானா, தள்ளியது அவரா என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு இந்தக் கையை மட்டும் விடமாட்டேன் என்கிறாரே என்று எரிச்சல். வட்டுக்கோட்டை வரைக்கும் முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டபத்தில் இறங்கும்போதும் அந்தக் கை விடவில்லை. ஆனாலும் தங்கையின் மகள் தாலியோடு வந்து என் மடியில் தலை வைத்து அழுதபோது, வந்தது நல்லது என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து வெளிக்கிட்டபோது வழக்கம்போல நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் குனிந்து என் காலைப் பிடிக்கப் போனார்.

“ஒருத்தரும் தொடாதேங்கோ. அவ ஏறுவா,” என்றார் என் கணவர்.

எல்லோரும் விலகினார்கள். அவர் பலகையை வைத்தார், அசைத்துப் பார்த்தார். பிறகு கைபிடியைப் பிடிக்க வருவார் என்று நான் காத்திருக்க, அவர் முன்பக்கம் போய், கதவைத் திறந்து, சாரதி ஆசனத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

உருட்டினேன். நடுவில் ஒரு முறை மூச்சு வாங்க நிறுத்தினேன். யாரோ ஐயோ என்றார்கள். திரும்பவும் உருட்டினேன். முன்சக்கரம் உள்ளே இறங்கியது, பிறகு பெரிய சக்கரமும். தடையைப் போட்டேன். கொசுவம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“ஏறியாச்சோ?” என்று முன்னாலிருந்து கேட்டார், ஹயருக்கு வருகிற ஆட்களைக் கேட்பதுபோலத் திரும்பிப் பார்க்காமலே.

“ஓம்,” என்றேன்.

நாற்காலியைக் கட்டிக் கதவைச் சாத்த அவர் பின்னால் வந்தபோதுதான் பார்த்தேன், பட்டியின் கொளுக்கியை மாட்ட அவருக்கு மூன்று தரம் தேவைப்பட்டது.