நான்கு நொடி தாமதம்

ஞானப்பிரகாசம் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆபீசில் ஒரு பழைய நகைச்சுவைத் தொடரை வெட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவருடைய மனைவி ரோஸ்லின் அக்கா ஆபீசுக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார். மேலாளர் என் அறை வாசலில் வந்து நின்று அதை என்னிடம் சொன்னார். மெட்ரோபார்க் ரயில் நிலையத்தில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். ஐம்பத்தொரு வயது. மேலாளர் அடுத்து, கையிலிருக்கும் எபிசோடு மதியத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன். முடித்தும் கொடுத்தேன். என்னைப் பற்றி முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். கூட ஐந்து வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகளுக்கு அவர் தகுதியானவர்தான். எழுதுகிறவளுக்குத்தான் அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உங்களில் பலருக்கு அவரை எடிசன் நகரத்துப் பொங்கல் விழாக்களில் தெரியும். கடைசி வரிசையில், ஓரத்து நாற்காலியில், பக்கத்தில் மகள் பெனிட்டாவோடு உட்கார்ந்திருப்பார். நம் ஆட்கள் போடும் நாடகத்தைப் பார்த்து அரங்கமே சிரிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தீர்கள். நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் கைகளை யாராவது கவனித்தீர்களா? மேடையில் பேசுவதையெல்லாம் கைச்சாடையில் பெனிட்டாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. ஒரு வேடிக்கையை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர் எப்போது சிரிப்பார்?

டிவி கம்பெனியில் வேலை என்றதும் நடிகைகளைப் பார்ப்பாயா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எப்போதோ எடுத்து முடிந்துபோன தொடர்களை நாடு முழுக்க இருக்கிற உள்ளூர் டிவி நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கிற கம்பெனி அது. சிண்டிகேஷன் என்று பெயர். மாயமந்திர நகைச்சுவைத் தொடர் என்றால் மவுசு அதிகம். சாதாரண வீடு, சாதாரணக் குடும்பம், அதற்குள் பூதமோ சூனியக்காரியோ ஒளிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக்கூடாது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரமாகப் பார்த்து வாரத்தில் ஐந்து நாளும் போடுவார்கள். எங்களிடம் இருந்ததில் பெரியது, ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் மந்திரவாதி ஒருவன் குடியிருக்கும் தொடர். அதை எடுத்த காலத்தில் விளம்பரம் குறைவு. இப்போது அதிகம். அதனால் ஒவ்வொரு எபிசோடிலும் மூன்று நிமிடத்தை வெட்டி எறிய வேண்டும். அது என் வேலை. பேச்சையெல்லாம் எழுத்தாகத் திரையின் கீழே ஓடவிடும் கேப்ஷன் வேலை அண்ணனுடையது. தூத்துக்குடியில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். நர்ஸ் வேலை கிடைத்த ரோஸ்லின் அக்காவோடு நியூஜெர்சி வந்து, தேடிப்பிடித்து இந்த வேலையில் சேர்ந்திருந்தார்.

முதலில் அவர் எழுத்துப் போட்டுக் கொடுப்பார், பிறகு நான் வெட்டுவேன். நான் வெட்டியதும் அவர் எழுத்தெல்லாம் இடம் மாறிப்போகும். மந்திரவாதி பேசும்போது பக்கத்து வீட்டுக்காரன் வசனம் ஓடும். ஒருநாள் அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "நீ மூணு நிமிஷம் வெட்டுத. நான் மூணு நாளா ஒட்டுதேன்," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோயமுத்தூர்க்காரிக்கு மரியாதை வாயில் இருக்கும், மனசில் இருக்கவேண்டுமென்று கட்டாயமில்லை. யாருங்ணா இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் போறாங்க என்று கேட்டுவிட்டேன். அவர் வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பி, நாலு மணிக்குள் வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். ரோஸ்லின் அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தார். நாலு மணிக்கு எங்கள் ஃப்ரிட்ஜ் மந்திரவாதி வந்தான். சோபாவில் அக்கா, சின்ன மகன், நான். தரையில் பெனிட்டா. அப்போது அவளுக்குப் பத்து வயது. நான் வெட்டி, எழுத்து இடம் மாறிப்போன எபிசோடுதான் ஓடியது. மந்திரவாதி பால் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டான், நாங்கள் மூவரும் சிரித்தோம். பெனிட்டா திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தாள். அக்காவின் முழங்காலைத் தட்டி என்ன என்று கேட்டாள். அக்கா, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு டிவியைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை இது நடந்தது. கடைசியில் அவள் கேட்பதை விட்டுவிட்டு, நாங்கள் சிரிக்கும்போதெல்லாம் தானும் வாயைத் திறந்து சிரிப்பது மாதிரி வைத்துக்கொண்டாள். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அண்ணன் சமையலறையில் எனக்கு டீ ஆற்றிக்கொண்டே பேசினார். "எல்லாரும் அவகிட்ட அப்புறம் சொல்லுதேன்னுதான் சொல்லுதாவ. நானும் சொல்லியிருக்கேன். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லம்மா," என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். "எல்லாரும் சிரிக்கிற அதே நேரத்துல அவளும் சிரிக்கணும். பிந்தி வர்ற சிரிப்பு சிரிப்பு இல்ல. அது, என்ன நடந்துச்சுன்னு கேக்குத விசாரணை." அந்த மனிதர் விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில்லாத அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு முறையை மாற்றினோம். நான் முதலில் வெட்டுவேன், அவர் பிறகு எழுத்துப் போடுவார். வெட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் கைவைப்பது மௌனத்தில்தான். ஒருத்தர் பேசி முடித்துவிட்டு இன்னொருத்தரை முறைத்துப் பார்க்கும் அந்த இரண்டு நொடியை எடுத்துவிட்டால் காதால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் அதை எடுக்கவே விடமாட்டார். அந்த இரண்டு நொடியில்தான் பெனிட்டா வசனத்தைப் படித்து முடிப்பாள் என்பார். அதற்குப் பதில் கார் வந்து நிற்பதை வெட்டு, ஆள் கதவைத் திறப்பதை வெட்டு என்பார். எழுத்து ஒரு நொடி முந்தினால் வேடிக்கை முன்கூட்டியே உடைந்துவிடும், பிந்தினால் செத்துவிடும். சத்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டு விரலால் மேசையில் தட்டி எண்ணிக்கொண்டே ஒரே வசனத்தை முப்பது தடவை ஓட்டுவார். எங்கள் ஆபீசில் அவரைக் கிறுக்கன் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு திங்கட்கிழமை பெட்டி நிறைய டோனட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஒண்ணா சிரிச்சோம்மா," என்றார்.

நான்கு வருடம் அப்படி நடந்தது. மறு ஒளிபரப்பு என்பது வந்தது வந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசி எபிசோடு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவர் சரிசெய்தது ஒவ்வொரு சுற்றிலும் சரியாக வரும். அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன குளிர்காலத்தில் இன்னும் ஒரு நிமிட விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். எல்லா எபிசோடையும் மறுபடி வெட்ட வேண்டும். கேப்ஷனை இனி ஒரு புரோகிராமே தானாக நகர்த்திவிடும், ஆள் தேவையில்லை என்றார்கள். அண்ணனுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. அந்த புரோகிராம் செய்ததை நான் ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் சரியாக இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, முடிவுக்கு வரும்போது நான்கு நொடி தாமதமாகிவிடும். எல்லாச் சிக்கலும் அவிழ்ந்து எல்லாரும் சிரிக்கிற இடமே அந்த முடிவுதான்.

அவர் புதன்கிழமை என் அறைக்கு வந்தார். கடைசித் தொகுதி டேப்புகளை மட்டும் ஒரு வாரம் அனுப்பாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். வீட்டிலிருந்து சரிசெய்து தருவதாகவும் சம்பளம் வேண்டாமென்றும் சொன்னார். வைத்திருக்க முடியும். அனுப்பவேண்டிய நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் கிரீன் கார்டு பேப்பர்கள் அப்போது மேலாளர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தன. வேலை முடிந்தும் அனுப்பாமல் வைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று எனக்குப் பயம். பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. விசா போனால் மூட்டை கட்டவேண்டும் என்ற பயம். அது உங்களுக்குத் தெரியாததா?

"பேப்பர் இன்னும் சைன் ஆகலைங்ணா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா. மொதல்ல அதப் பாரு," என்றார். ஒரு சுடுசொல் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, அடுத்த நாள் மனசு கேட்காமல் நிறுத்தி வைத்திருப்பேன். வெள்ளிக்கிழமை மதியம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியோடு போனார். நான் அன்று மாலையே டேப்புகளை அனுப்பினேன். மேலாளர் என் பேப்பரில் வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதும், அது தபால் அறையில் கிடந்தது என்பதும் திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு வாரம் கழித்து அவர் அந்த ரயில் நிலையத்தில் விழுந்தார். வேறு வேலைக்கு இன்டர்வியூ போகும் வழியாம். அந்த ஆறு வாரத்தில் நான் ஒருமுறைகூட அவருக்கு போன் செய்யவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு செய்வது? அடக்கத்தன்று மாதா கோயிலில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நான் அழுததைப் பார்த்து, கூடப் பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று ஒருவர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை, தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்கு டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் அக்கா என் பார்வையைக் கவனித்துவிட்டு, வெள்ளிக்கிழமை இது ஓடியே ஆகவேண்டும் என்று பெனிட்டா பிடிவாதமாக இருப்பதாகச் சொன்னார். பதினைந்து வயதுப் பெண், அதே இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அனுப்பிய டேப். முதல் பாதி ஒருமாதிரி போயிற்று. முடிவில் மந்திரவாதியின் தாடி கதவில் மாட்டிக்கொண்டது. டிவிக்குள் இருந்த கூட்டம் சிரித்தது. அவள் தம்பி சிரித்தான். அக்காகூட, எத்தனை நாளுக்குப் பிறகோ, லேசாகச் சிரித்தார். பிறகு அறை அமைதியாயிற்று. அந்த அமைதியில் பெனிட்டா மட்டும் தனியாகச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் சிரித்து முடித்திருந்தோம்.

அவள் எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். இது அப்பா செய்தது இல்லை, அப்பா ஒருநாளும் லேட்டாக மாட்டார், யார் செய்தது என்று கேட்டிருந்தாள். பேனாவையும் என் கையில் கொடுத்தாள்.

மெஷின் என்று எழுதினேன்.

அவள் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அதற்குக் கீழே, மெஷின் பாவம், அதுக்கு என்ன தெரியும் என்று எழுதிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். நான் அந்தத் தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டிலிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு தாள்தான். வேறு எதையும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், ஒன்றுவிடாமல். பெனிட்டாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதினேன்.