அண்ணன் ரத்தமும் தங்கச்சி ரத்தமும்

எங்க லேப்ல என்கூட வேலை பார்க்கற சிநேகிதிக்குக் கறார்க்காரின்னு பேர். எதையும் மூணு தடவை பார்க்காம விடமாட்டா. கிட்னி கொடுக்கறவங்க, வாங்கறவங்க ரெண்டு பேரோட எதிர்ப்பு சக்தி மரபணுவும் ஒத்துப்போகுதான்னு ரத்தத்துல பார்க்கறதுதான் எங்க வேலை. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, குழந்தை மட்டும் வேண்டவே வேண்டாம்னா. ஏன்டின்னு கேட்டா வெடுக்குனு எழுந்து போயிடுவா.

காரணம் அவ அண்ணன். இருபது வயசுல அவருக்கு மனச்சிதைவு வந்துச்சு. யாரோ காதுல பேசறாங்கன்னு ரெண்டு வருஷம் வீடே அல்லோலகல்லோலம். இப்போ மாத்திரை போட்டுக்கிட்டு சைக்கிள் கடையில வேலை பார்க்கறார்.

போன வருஷம் எங்கேயோ படிச்சிருக்கா, நாங்க தினமும் பார்க்கற அதே மரபணுக் கூட்டத்துக்கும் அந்த வியாதிக்கும் தொடர்பு இருக்குன்னு. சும்மா இருப்பாளா? அண்ணனைக் கேட்டு ரத்தம் எடுத்து, தன்னோடதையும் சேர்த்து, பேர் போடாம நம்பர் மட்டும் போட்டு டெஸ்ட் ஓட்டிட்டா. ரிசல்ட் என் கையில வந்தது. நான் ஒரு மடச்சி, "அடி சக்கை! முழுப் பொருத்தம்! எந்தப் புண்ணியவானுக்குடி?"ன்னு கத்தினேன். எங்களுக்குப் பொருத்தம்னா நல்ல சேதிதானே. அவளுக்கோ அண்ணனோட அதே மரபணு தனக்கும் இருக்குன்னு அர்த்தம்; முகம் வெளுத்துப்போச்சு.

விஷயம் தெரிஞ்சதும் எங்க லேப் டாக்டரம்மா, கேட்காம டெஸ்ட் பண்ணினதுக்கு முதல்ல அவளைக் காய்ச்சி எடுத்தாங்க. அப்புறம் உட்கார வச்சு, "இதெல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி மரபணு நூத்துக்கணக்குல இருக்கு. நம்ம டெஸ்ட் வியாதி வருமான்னு சொல்லாது. ஒரே மரபணுவோட பிறந்த இரட்டையர்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம போறதுண்டு"ன்னாங்க.

எனக்கு ஆர்வம் தாங்கல. "கிருமியோட சண்டை போடற மரபணுவுக்கு மூளையில என்னம்மா வேலை?"

"நரம்பு இணைப்புகள்ல வேண்டாததைக் களையெடுக்கவும் அதுல சிலது உதவுது. சிலருக்கு அது அளவு மீறிடுதோன்னு சந்தேகப்படறாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

அன்னைக்கே இவ சைக்கிள் கடைக்குப் போய் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் கொட்டியிருக்கா. அவர் கையில இருந்த கிரீஸைத் துடைச்சுக்கிட்டே, "அப்போ உன் கிட்னி போச்சுன்னா என்னோடது செட் ஆகும்ல?"ன்னு சிரிச்சிருக்கார். அப்புறம் மெதுவா, "என்னை மாதிரி பிறந்துடும்னுதான் குழந்தை வேண்டாங்கறியா?"ன்னு கேட்டிருக்கார்.

இவ தலையாட்டியிருக்கா.

"என்னை மாதிரி இருந்தா என்ன, பிறந்திருக்கவே கூடாதா?"

கோபமே இல்லையாம், நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாராம். இவ நடுக்கடையில நின்னு அழுதிருக்கா.

இப்போ அவளுக்கு நாலாம் மாசம். "பயம் போயிடுச்சாடி?"ன்னேன்.

"எங்க போச்சு? பயந்துக்கிட்டேதான் பெத்துக்கப் போறேன்"னா.