ஞானேஸ்வரியின் முன்பல்

ஞானேஸ்வரியைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு வருடக்கணக்காகக் கோபம் இருக்கிறது. கெலிஓயா திரீவீலர் ஸ்டாண்டில் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் சொன்னார்கள். போன மாசியில் அவளுடைய செத்த வீட்டிலும் ஒருத்தி, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “கைராசிக்காரிதான். ஆனா ஒரு நாளாவது பல்லக் காட்டிச் சிரிச்சிருக்காளா? அம்புட்டு கர்வம்.”

நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சண்டை போட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் ஏன் சிரிக்கவில்லை என்று தெரிந்தும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றவன் நான். அப்படிப்பட்டவன் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

கல்யாணப் பெண்களைச் சோடிப்பது அவளுடைய தொழில். பன்னிரண்டு வருடம் அவளையும் அவளுடைய சாமான் பெட்டியையும் என் திரீவீலரில்தான் ஏற்றிப் போனேன். கம்பளை, பேராதனை, குண்டசாலை என்று அவள் கை படாத கல்யாண மண்டபம் இல்லை. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். நூற்றுக்கணக்கான பெண்களை மணவறைக்கு அனுப்பியவளுக்கு நாற்பத்தொரு வயது வரைக்கும் ஒரு சம்பந்தம் கூடி வரவில்லை.

பல்லைக் கெடுத்தது அந்தத் தொழில்தான். ஒரு கையில் பெண்ணின் பின்னல், மறு கையில் ஜடைச் சாமான். கறுப்பு ஹேர்பின்னை விரிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பல்லில் கடித்துத்தான் விரிப்பாள். ஒரு தலைக்கு ஐம்பது பின் போகும். இருபது வருடத்தில் மேல்வரிசை முன்பல் ஒன்றின் மூலை முக்கோணமாகப் பெயர்ந்துவிட்டது. பக்கத்துப் பல்லில் அரத்தால் அராவிய மாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பிறகு அவள் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதில்லை. கேட்டதற்கு ஒரு சொல், இல்லாவிட்டால் தலையாட்டல். படம் எடுக்கிறவன் கூப்பிட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். சனம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது.

என் வண்டியில் மட்டும் தாராளமாகச் சிரிப்பாள். “ஒங்க முன்னாடி எனக்கென்னண்ணே வெக்கம்? ஒங்க வெத்தலப் பல்லுக்கு எம்பல்லு முத்து” என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சம்பந்தம் வந்தது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கும் தனபாலன். மனைவி செத்து ஐந்து வருடம், பிள்ளை இல்லை. அவளுடைய அண்ணி யசோதா வழியில் தூரத்துச் சொந்தம். முதலில் போனில் பேசினார்கள். போனில் பல் தெரியாதே! ஒரு மாதம் என் பின் சீற்றில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பை வேறு யாராவது கேட்டிருந்தால் இந்தத் திமிர்ப் பேச்சு எழும்பியே இருக்காது. அந்த மனுசன் அப்படிப் பகிடி விடுவான் போல. பிறகு ஒரு நாள் அவன், “ஒரு படம் அனுப்புங்க, சிரிச்ச மாதிரி” என்று கேட்டுவிட்டான்.

மறுநாளே என்னைக் கூப்பிட்டாள். “டவுனுக்கு விடுங்கண்ணே. பல் டொக்டர்கிட்ட.”

டொக்டர் அஸீமா நல்ல பிள்ளை. வெளியே நின்ற என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பல் நிறம் ஒத்துப் பார்க்கச் சின்னச் சின்னப் பொய்ப் பற்களை விசிறி மாதிரி விரித்து ஞானேஸ்வரியின் உதட்டோடு வைத்துப் பார்த்தாள். ஏதோ மருந்து தடவிக் கழுவினாள். பிறகு மாவு மாதிரி ஒன்றை உடைந்த மூலையில் ஒட்டிப் பல்லாக வனைந்து, நீல வெளிச்சம் பிடித்தாள். வெளிச்சம் பட்டதும் அது இறுகிவிடுமாம். தேய்த்து மினுக்கிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள். ஒரு ஊசி இல்லை, வலி இல்லை. முக்கால் மணித்தியாலத்தில் இரண்டு பல்லும் முழுசு.

“இது பல்லு மாதிரி ஈக்கும். ஆனா பல்லில்ல, சரியா? நகம், நூலு, பின்னு ஒண்டும் இதால கடிக்க ஏலாது. தேத்தண்ணியும் கொறைச்சுக் கொள்ளுங்க, நெறம் புடிச்சிரும்” என்றாள் டொக்டர்.

ஞானேஸ்வரி கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டியில் ஏறியதும் போனை என்னிடம் தந்து, “எடுங்கண்ணே” என்றாள். நான் எடுத்த படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைத்தான் அவனுக்கு அனுப்பினாள். அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பெண் பார்க்க வருவதாக அவன் பதில் போட்டான்.

இடையில் சனிக்கிழமை குண்டசாலையில் ஒரு கல்யாணம். ஆறு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது, விடமுடியாது. கை தானாகப் பின்னை வாய்க்குக் கொண்டுபோகும் என்று அவளுக்கே பயம். அதனால் கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். நல்ல யோசனைதான். நானும் மெச்சினேன்.

பகல் ஒரு மணிக்கு மண்டபத்திலிருந்து வந்து வண்டியில் ஏறினாள். கையை விரித்தாள். கைத்துண்டு மடிப்பில் ரவையளவு ஒரு வெள்ளைத் துண்டு.

“பொண்ணோட அம்மா மாஸ்க்க கழட்டச் சொல்லிட்டாங்கண்ணே. வீடியோ எடுக்கிறாங்களாம், காய்ச்சக்காரி மாதிரி நிக்கிறேனாம். கழட்டிட்டேன். கவனமாத்தான் இருந்தேன். கடைசியில ஜடை சரியப் பாத்திச்சி. தாலி கட்ட நேரமாச்சின்னு வெளிய கத்துறாங்க. ஒரு பின்னுதாண்ணே. ஒரே ஒரு பின்னு.”

நேரே டவுனுக்கு விரட்டினேன். கிளினிக் பூட்டியிருந்தது. டொக்டர் திங்கட்கிழமைதான் வருவாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

“நாளைக்கு வரவேணாம்னு சொல்லு. அடுத்த கிழமை பாக்கட்டும்” என்றேன்.

“மொத சந்திப்பையே தள்ளிப் போட்டா விருப்பமில்லன்னு அர்த்தம். அண்ணி ஏசும்.”

“அப்ப உள்ளதச் சொல்லு. பல்லப் பாத்தா கட்டப்போறான்?”

“படத்துல முழுசா இருக்கேண்ணே. பொய்ப்படம் அனுப்பி ஏமாத்தப் பாத்தான்னு நெனைச்சிட்டா? நான் வாயத் திறக்காம சமாளிக்கிறேன். திங்கக்கிழமை ஒட்டிக்கிறேன். நீங்க சொல்லிடக் கூடாது. என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணுங்க.”

அடித்துச் சத்தியம் செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிறன்று தனபாலன் தன் அக்காவோடு இரண்டு பஸ் மாறி வந்தான். கறுத்த, ஒல்லியான மனுசன். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஞானேஸ்வரியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “போன்ல அருவி மாதிரி கொட்டுவீங்க. இங்க தண்ணி வெட்டா?” என்றான். கூட வந்திருந்த யசோதா சிரித்தாள், நான்கூடச் சிரித்தேன். ஞானேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தூணைப் பார்த்தாள். வேலை எப்படி என்று கேட்டான். “ம்” என்றாள். மலையில் குளிர், இருப்பீர்களா என்று கேட்டான். அதற்கும் “ம்”. இன்னும் ஒரு பகிடி விட்டான். இந்த முறை அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கொண்டுவந்த வாழைப்பழத்தட்டைக் கொடுக்காமலே தூக்கிக்கொண்டு அவன் அக்கா எழுந்தாள். “டவுன் திமிரு” என்று அவள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் என்னிடம் வந்தான். “அண்ணே, நீங்க அவங்கள ரொம்ப நாளா தெரிஞ்ச ஆளு. ஏதாவது மனசுல வச்சிருக்காங்களா? இல்ல, என்ன நேர்ல பாத்துப் பிடிக்கலயா?”

ஒரு சொல் போதும். ‘பல்’ என்று சொல்லியிருந்தால் போதும். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு, “எனக்கென்னங்க தெரியும்” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். “பரவாயில்லண்ணே. மலைக்காட்டு ஆளுதானே நாங்க.”

திங்கட்கிழமை டொக்டர் மறுபடி ஒட்டிவிட்டாள். சாயந்தரம் ஞானேஸ்வரி அவனுக்குப் போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: ‘நீங்க நல்லா இருக்கணும்.’ அவ்வளவுதான். திரும்ப எழுத அவளை ரோசம் விடவில்லை. யசோதாவோ, “வந்த மாப்பிள்ளையை மொறைச்சி அனுப்பினா” என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

அந்த வருடக் கடைசியில் ஹேவாஹெட்டவுக்கு ஒரு ஹயர் சவாரி போனேன். தொழிற்சாலை வளைவில் தனபாலன் மரக்கறிப் பையோடு வந்தான். பக்கத்தில் வயிறு தள்ளிய ஒரு பெண். என்னைக் கண்டு கையைத் தூக்கினான். நானும் ஹோர்ன் அடித்துவிட்டு வந்துவிட்டேன். ஞானேஸ்வரியிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளும் கேட்கவில்லை. பழையபடி பின்னைக் கடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒட்டு மறுபடி பெயர்ந்தது. மிஞ்சிய ஓரமும் தேத்தண்ணீர் நிறமாகிவிட்டது. “டொக்டர்கிட்ட போவமா?” என்று ஒரு முறை கேட்டேன். “யாருக்குக் காட்ட?” என்றாள்.

போன தை மாதம் மஞ்சள் காமாலை என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு ஈரல் முழுக்க வியாதி, செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுவார்கள். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போவேன். கடைசியாகப் போன நாள் அவள் பாதி எலும்பாகிக் கிடந்தாள். வாயை மூடக்கூடப் பலமில்லை. உடைந்த பல் வெளியே தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவள் அதைப்பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டதை நான் இன்னும் செய்யவில்லை. அந்தத் தொழிற்சாலை வளைவு வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன்.

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, அந்தச் சத்தியத்த நானே திருப்பி எடுத்துட்டேன். ஹேவாஹெட்டப் பக்கம் ஹயர் கெடச்சா, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்குப் பிடிக்காம இல்ல. பல்லு ஒடஞ்சிருச்சி, அதான் வாயத் திறக்கலன்னு.”