மைக் அக்காவின் புதுத் தாடை

அந்தப் பஸ் நிலையத்தில் மைக் அக்கா கூப்பிடாமல் ஒரு வண்டியும் நகராது. டிரைவர்கள் கடிகாரம் பார்க்கிற வழக்கத்தையே விட்டிருந்தார்கள். அவள் குரல் வரும்வரை சீட்டில் கால் நீட்டிக் கிடப்பார்கள். அக்காவுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் 'ஸ' வருகிற இடத்தில் எல்லாம் காற்று புஸ்ஸென்று போய்விடும். அவள் பிழைப்போ பஸ், எக்ஸ்பிரஸ், ஆஸ்பத்திரி என்று அந்த எழுத்தை நம்பித்தான் ஓடியது. ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை. எல்லோருக்கும் காது பழகிவிட்டது.

பல்லோடு பல் சேராமல், மெல்லும்போதெல்லாம் வலி உயிரை எடுத்ததால்தான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாள். டாக்டர் கீழ்த்தாடையைப் பின்னுக்கு நகர்த்திப் பொருத்தினார். வீக்கம் வடிந்ததும் முகம் அம்சமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால்தான் வம்பு. 'பஸ்' என்று சொல்லப் போனால் 'பத்' என்று விழுந்தது.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சிரித்துவிட்டாள். "எலும்பை டாக்டர் நகர்த்திட்டாரு. நாக்குக்கு யாரும் சொல்லலை. அது பழைய பல்லைத் தேடிக்கிட்டுப் போய் முட்டிக்குது. உள்ள இடமும் இப்போ கொஞ்சம் கம்மி. நுனியைப் பின்னால இழுங்க. பல்லைத் தொடாம காத்தை விடுங்க."

இதற்கிடையில் நிலைய மேலாளர், பதிவு செய்த குரல் மிஷின் ஒன்றை வைத்திருந்தார். "லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்குத் தெளிவாப் பேசிட்டீங்கன்னா மைக் சீட்டு உங்களுக்கு. இல்லைன்னா மிஷினே இருக்கட்டும்னு மேல சொல்றாங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மைக்கை விட்டால் அவளுக்கு வேறு எந்த வேலையும் ஒட்டாது.

புருஷன் வீட்டில் துணி தைக்கிறவர். அவர் தையல் மிஷினை மிதிக்க, அந்தச் சத்தத்தையும் மீறி அவள் ஸ்டாப் பெயர்களைச் சொல்வாள். நாக்கு வழுக்கினால் அவர் கால் நின்றுவிடும். நாள் முழுக்க நின்று நின்று ஒரு சட்டைகூட முடியவில்லை.

"உன் நாக்கு திருந்தறதுக்குள்ள என் வாடிக்கைக்காரங்க எல்லாம் சட்டையில்லாமத் திரியப் போறாங்க."

"திரியட்டும். காத்தாட இருக்கும்" என்றாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, நாக்கு நுனியை நினைத்து நினைத்து வைத்துப் பேசினாள். "ஆஸ்பத்திரி வழியாகச் சந்தை செல்லும் எக்ஸ்பிரஸ் பஸ் புறப்படத் தயார்." கண்ணாடி மாதிரி வந்தது. வெளியே ஒரு சக்கரமும் அசையவில்லை. மறுபடி சொன்னாள். இரண்டாம் மேடை டிரைவர் புரண்டு படுத்தார்.

"இந்த மிஷினுக்கு வேற வேலை இல்லை. பஞ்சரான வண்டியைக்கூட நேத்து கூப்பிட்டுச்சு" என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ அலுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய பேச்சை மிஷின் என்று நினைத்துவிட்டார்களே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டாம் மேடை, சிவப்புச் சட்டை சார். செருப்பைக் கழட்டிட்டு ஸ்டியரிங் மேல காலைப் போட்டிருக்கீங்களே, அது என்ன உங்க வீட்டு ஸ்டூலா? பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுங்க. பாசஞ்சர் எல்லாம் நடந்தே சந்தைக்குப் போய்ச் சேர்ந்துடுவாங்க."

சிவப்புச் சட்டை அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து தலையை இடித்துக்கொண்டார். "அக்கா வந்தாச்சுடா" என்று யாரோ கத்த, நிலையம் முழுக்க ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

மேலாளர் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீட்டு உங்களுதுதான்க்கா. ஆனா திட்டினீங்களே, அதுல ஒரு எழுத்துகூட வழுக்கலை. கவனிச்சீங்களா?"

அக்கா கவனிக்கவில்லை. திட்டி முடிக்கும்வரை நாக்கை எங்கே வைப்பது என்று அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.